பன்னிரண்டு பேர் வாசித்த மௌனம்

பதினேழாவது விடுதிக்கு போன் போட்டபோது எவரிஸ்தோ எடுத்த எடுப்பில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுமுனையில் பேசுகிறவளின் முதுகுக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

இந்த வித்தை அவருக்குப் பத்தாவது விடுதியில்தான் பிடிபட்டது. அதுவரை ஏமாளியாக, "உங்க இடம் அமைதியா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "கல்லறை மாதிரி இருக்கும், குடும்பச் சூழல்" என்றே எல்லோரும் சொன்னார்கள். நயாரித் கடற்கரையில் குடும்பச் சூழல் என்று போர்டு மாட்டாத இடமே கிடையாது. சாராயக் கடையில்கூட மாட்டியிருக்கிறார்கள். அதுவுமல்லாமல் எங்கள் நாட்டில் குடும்பம் என்றால் பதினான்கு பேர், இரண்டு ஐஸ் பெட்டி, ஒரு ஒலிபெருக்கி, அதை யாரிடமும் கொடுக்காத ஒரு சித்தப்பா. பத்தாவது விடுதிக்காரி "கல்லறை" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ மைக்கில் எல்லோரையும் கைதட்டச் சொன்னான். எவரிஸ்தோ அன்றிலிருந்து வாய்ப்பேச்சை நம்புவதை விட்டுவிட்டார்.

பதினேழாவதில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு ஈ பறந்தது, அவ்வளவுதான்.

"விடுதிக்குள்ள இருந்துதான பேசுறீங்க?" என்று கேட்டார்.

"பின்ன எங்க இருந்து பேசுவேன்" என்றாள் எலோடியா என்ற அந்த விடுதிக்காரி.

அங்கேயே இரண்டு அறைகளுக்குச் சொல்லிவிட்டார். ஊர் பெயர் லாஸ் தினாஹாஸ். எவரிஸ்தோ குடியிருக்கிற குவாதலஹாராவிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். மஸாட்லானிலிருந்து வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மஸாட்லானிலிருந்து வரப்போகிறவர்கள்தான் விஷயமே. எவரிஸ்தோவின் ஒரே மகள் நாயேலியைத் தங்கள் மகன் ஆதானுக்குப் பெண் கேட்க காசிமிரோவும் அவர் மனைவி பெத்ராவும் வருகிறார்கள். முறைப்படி பெண் வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஆனால் எவரிஸ்தோவின் வீட்டுக்கு இடப்பக்கம் டயர் கடை, வலப்பக்கம் தகரம் வளைக்கிற பட்டறை. காசிமிரோவுக்கோ சத்தம் ஆகாது.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் நாயேலி. ஆதான் வீட்டாரோடு அவள் இன்னும் பேசிப் பழகியதில்லை; மஸாட்லானில் ஒரு கல்யாணத்தில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தாளாம். ஆள் உயர ஒலிபெருக்கிகள் அலறத் தொடங்கிய இரண்டாவது பாட்டிலேயே மனிதர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, கேக்கைக்கூடத் தொடாமல் போய்விட்டாராம். "சத்தம் ஆகாது போல" என்றாள் நாயேலி. அந்தப் 'போல'வை எவரிஸ்தோ அன்று மாலையே மறந்துவிட்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் குடும்பம் நாயேலியைக் கேட்டு வந்தது. நான்காவது கோப்பை உள்ளே போனதும் எவரிஸ்தோ நாற்காலிமேல் ஏறிப் பாட ஆரம்பித்தார். அவருக்கு உலகத்தில் பாட்டைப் போலப் பிடித்தது வேறில்லை, அதுவும் தெருவில் பித்தளை வாத்தியம் கேட்டால் கால் நிற்காது. ஏழு பாட்டு பாடினார். பல் டாக்டர் குடும்பம் ஐந்தாவது பாட்டிலேயே கிளம்பிவிட்டது. நாயேலி ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. அவள் அந்தப் பையனை விரும்பவில்லை என்பது வேறு விஷயம். ஆதானை விரும்புகிறாள். ஐந்து வருஷமாக விரும்புகிறாள்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "இதுவும் கெட்டுப்போச்சுன்னா எனக்கு இன்னொன்னு பார்க்காதீங்கப்பா. எனக்கு வேற யாரும் வேணாம்."

எவரிஸ்தோ அந்த நிமிடத்திலிருந்து விசிலடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

*

அந்த வருஷம் பார்த்து ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் புனித வாரமும், வடக்கே அமெரிக்கக் கல்லூரிகளின் வசந்த விடுமுறையும் ஒரே வாரத்தில் வந்து விழுந்திருந்தன. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எவரிஸ்தோ குடும்பம் லாஸ் தினாஹாஸில் இறங்கியபோது, விடுதியின் மேல்மாடியிலிருந்து வந்த சத்தத்தில் காரின் கண்ணாடி நடுங்கியது. மாடியில் எட்டு மாணவர்கள் ஒரு ஒலிபெருக்கியைச் சுற்றி நின்று, இருக்கிற இடத்திலேயே எகிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உடம்பிலும் சட்டை இல்லை. எல்லோரும் வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார்கள்.

எவரிஸ்தோ எலோடியாவைத் தேடிப் பிடித்தார். போனில் ஈ பறந்த சத்தம் கேட்டதே, அது எந்த இடம் என்று கேட்டார்.

"அதுவா, மாவு மூட்டை வைக்கிற உள்ளறை" என்றாள் அவள். "போன் வந்தா அங்க போய்க் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பேசுவேன். மத்த இடத்துல என்ன சொல்றாங்கன்னே காதுல விழாதே."

வேறு இடம் தேட நேரமில்லை. சம்பந்தி வீட்டார் ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள். எவரிஸ்தோவின் மனைவி லியோனோர், மேலே போய் அந்தப் பையன்களிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். எவரிஸ்தோவுக்கு ஆங்கிலம் வராது. பையன்களுக்கு ஸ்பானிஷில் பீர் கேட்க மட்டும் தெரியும்.

அவர் மாடியேறிப் போய், கூட்டத்தில் பெரியவனாக இருந்த ஒரு செம்பட்டைத் தலையனின் முன்னால் நின்றார். அவன் பெயர் ட்ரெவர். எவரிஸ்தோ தன் காதைத் தொட்டுக் காட்டினார். ஒலிபெருக்கியைக் காட்டினார். பிறகு உள்ளங்கையால் கீழே, கீழே என்று காட்டினார். கடைசியாகத் தங்கள் சாப்பாட்டு மேசை போட்டிருக்கிற, கடற்கரையை ஒட்டிய மணல் முற்றத்தையும் ஜன்னல் வழியாகக் காட்டி, நெஞ்சில் கைவைத்து வணங்கினார்.

ட்ரெவர் முகம் மலர்ந்தது. நல்ல பையன் அவன், பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்து வளர்ந்தவன். நண்பர்களிடம் ஏதோ சொன்னான். நாலு பேராக ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி, எவரிஸ்தோவின் மேசைக்கு மூன்றடி தள்ளி அதை வைத்தார்கள். சத்தம் மேசைப் பக்கம் நேராக வரும்படித் திருப்பியும் வைத்தார்கள். பிறகு ட்ரெவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, இப்போது நன்றாகக் கேட்கிறதா என்று சைகையால் விசாரித்தான்.

"என்னத்தைங்க போய்ச் சொன்னீங்க?" என்றாள் லியோனோர்.

"அமைதி வேணும்னு சொன்னேன்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய வண்டி வாசலில் வந்து நின்றது.

*

காசிமிரோ ஒல்லியாக, நெடுநெடுவென்று, தூண் போல இருந்தார். மஸாட்லானில் ஐஸ் கிடங்கு வைத்திருக்கிறவர். முகத்திலும் கொஞ்சம் ஐஸ் இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கண்ணாடி போலத் துடைத்த கூர்முனை பூட்ஸ். பெத்ரா குட்டையாகவும் குண்டாகவும் இருந்தாள், ஒரு பானை நிறைய ரொட்டிப் பாயசம் கொண்டுவந்திருந்தாள். பெண் கேட்கிற இடத்துக்கு மாப்பிள்ளை வரக்கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழைய வழக்கம் என்பதால் ஆதான் ஊரிலேயே இருந்துவிட்டான். அதே வழக்கப்படி, கூப்பிடுகிறவரை நாயேலியும் வெளியே வரக்கூடாது. அவள் அறைக்குள் உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சம்பந்தி" என்று எவரிஸ்தோ கத்தினார். ஒலிபெருக்கிக்கு மேலே கேட்க வேண்டுமே.

"இருக்கட்டும் சம்பந்தி" என்று காசிமிரோவும் உதட்டை அசைத்தார். இன்னும் பெண்ணே கேட்கவில்லை, அதற்குள் வாய் நிறைய சம்பந்தி என்று கூப்பிடுகிறாரே என்று எவரிஸ்தோவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் உட்கார்ந்த உடனே காசிமிரோவின் பார்வை ஒலிபெருக்கிமேல் போனது. மூக்கு சுருங்கியது. கல்யாணத்தில் எழுந்துபோன முகம் இதுதான் என்று எவரிஸ்தோ புரிந்துகொண்டார்.

கைகழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, விடுதியின் பின்பக்கம் போனார். மின்சாரப் பெட்டி அங்கேதான் இருந்தது. பாட்டுக்கான கம்பி எது என்று தெரியாததால், நடுவில் இருந்த பெரிய பீங்கான் பியூஸைப் பிடித்து இழுத்தார். வெயிலில் காய்ந்து கிடந்த பீங்கான் கையோடு இரண்டாக உடைந்து வந்தது. பாதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மறுபாதியைச் செடிக்குள் எறிந்தார்.

மின்விசிறிகள் நின்றன. குளிர்பெட்டி நின்றது. தண்ணீர் மோட்டார் நின்றது. நாயேலியின் இஸ்திரிப்பெட்டி, உடையின் இடது கை முடிந்து வலது கை தொடங்குவதற்குள் ஆறிப்போனது. தலையில் சோப்பு நுரையோடு இரண்டு குடும்பத் தலைவர்கள் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்து எலோடியாவைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. அதற்குள் பேட்டரி இருந்தது.

எலோடியா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தக் கழுதையோ பியூஸைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எவரிஸ்தோவும் சேர்ந்து அந்தக் கழுதையைத் திட்டினார். வேறு வழியில்லாமல் அவள், குளிர்பெட்டிக்கு மட்டும் தாங்குகிற ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். அதை முற்றத்தில் மட்டும்தான் வைக்க முடியும், அங்கேதான் புகை போகும். எவரிஸ்தோவின் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக் கயிற்றை இழுத்தாள்.

அதன் சத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஒலிபெருக்கி கேட்கவில்லை என்று ட்ரெவர் அதன் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டான் என்று சொன்னால் போதும்.

எவரிஸ்தோ குவாதலஹாராவில் இருபத்தெட்டு வருஷமாகச் செருப்புக் கடையில் விற்பனையாளர். மனிதர்களின் முகத்தைவிடக் கால்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார், காலைப் பார்த்தே ஆளின் மனதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். ஜெனரேட்டர் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காசிமிரோவின் பூட்ஸ் நுனி தரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. எரிச்சல் எல்லை மீறிவிட்டது என்று எவரிஸ்தோ தீர்மானித்தார்.

பிளந்து சுட்ட மீன் வந்தது. யாரும் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது. நடுவில் ஜெனரேட்டர் ஒரு முறை இருமி மூச்சு வாங்கிய இடைவெளியில் பெத்ரா எவரிஸ்தோ பக்கம் சாய்ந்து கேட்டாள்: "உங்க வீட்டுல பாட்டு, வாத்தியம், அதெல்லாம் உண்டா சம்பந்தி?"

ஆழம் பார்க்கிறாள் என்று எவரிஸ்தோ உஷாரானார்.

"அந்தப் பேச்சே கிடையாது சம்பந்தியம்மா. வாத்தியக்காரன் தெருவுல வந்தாலே கதவைச் சாத்திடுவோம். அதுங்க எல்லாம் குடும்பத்துக்கு ஆகுமா?"

தினமும் குளியலறையில் ஒரு மணி நேரம் அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன லியோனோர், வாயருகே கொண்டுபோன மீனைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பெத்ரா "எங்க வீட்டுல பார்த்தீங்கன்னா" என்று ஏதோ ஆரம்பித்தாள். காசிமிரோ அவள் கையை மெல்லத் தொட்டார். அவள் நிறுத்திவிட்டாள். அதற்குள் ஜெனரேட்டருக்கு மூச்சு திரும்பிவிட்டது.

பாயசம் முடிந்தது. இனிமேல்தான் பெண் கேட்க வேண்டும். காசிமிரோ தொண்டையைச் செருமினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்தச் சமயத்தில் தென்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் வரிசையாக வந்தார்கள்.

ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு, ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. ஊதுகுழல்கள், எக்காளங்கள், தாளத்தட்டு மாட்டிய பெரிய முரசு. கடைசியில் உடம்பைச் சுற்றிப் பித்தளை மலைப்பாம்பு போலப் பெருங்குழலை மாட்டிக்கொண்ட ஒரு தடியர். கடற்கரையில் மேசை மேசையாகப் போய்க் காசுக்கு வாசிக்கிற கூட்டங்கள் எங்கள் பக்கத்தில் நண்டுகளைப் போல ஏராளம். எவரிஸ்தோவுக்குக் கால் துடித்தது. அதை இன்னொரு காலால் மிதித்து அடக்கினார். பெருங்குழல்காரர் மூச்சை உள்ளே இழுப்பதைப் பார்த்ததும், நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து ஓடினார்.

*

முதல் சுரம் வருவதற்குள் பெருங்குழலின் வாயில் கையைக் கொடுத்து அடைத்துவிட்டார்.

"இங்க வாசிக்கக் கூடாது" என்றார் மூச்சிரைக்க.

பெருங்குழல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"அந்த மேசையில இன்னிக்கு என் பொண்ணைக் கேக்க வந்திருக்காங்க. நான் பொண்ணோட அப்பா."

உடனே பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று எவரிஸ்தோவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பொண்ணோட அப்பாவே வேணாம்னு சொல்றீங்களா?" என்றார் பெருங்குழல்காரர்.

"ஆமாங்க."

"ஒரு பாட்டுகூட?"

"ஒரு மூச்சுகூட வேணாம். ஒரு மணி நேரத்துக்கு நீங்க என்ன வாங்குவீங்களோ அதை நான் தர்றேன். வாசிக்காம இருங்க, போதும்."

நாயேலி சம்மதம் சொன்ன கையோடு விருந்து வைப்பதற்கென்று உள்பாக்கெட்டில் வைத்திருந்த கவரை எடுத்து அவர் கையில் திணித்தார். பெருங்குழல்காரர் மேசைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, கவரை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

எவரிஸ்தோ நினைத்தது என்னவென்றால், காசு வாங்கியவர்கள் போய்விடுவார்கள் என்று. அவர்கள் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கினால் ஒரு மணி நேரம் இடத்தைவிட்டு அசைவதில்லை, அது தங்கள் தொழில் வழக்கம் என்று பெருங்குழல்காரர் சொல்லிவிட்டார். எலோடியா ஓடிப்போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டாள். பன்னிரண்டு பேரும் மேசைக்கு எதிரே ஒரே வரிசையில், வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் காசிமிரோவையே பார்த்தார்கள்.

இப்படி ஒரு காட்சியை அந்தக் கடற்கரை கண்டதில்லை. முதலில் வந்தவன் ட்ரெவர். பெரிய கச்சேரி ஆரம்பமாகப்போகிறது என்று நினைத்து, ஒலிபெருக்கியை அவனே அணைத்துவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மற்ற ஏழு பேரும் வந்தார்கள். ஒருவன் பீர் டப்பாவைத் திறந்தபோது மற்றவர்கள் அவனை அதட்டினார்கள். சோப்பு நுரை காய்ந்த குடும்பத் தலைவர்கள் மனைவி மக்களோடு வந்து நின்றார்கள். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்த ஒரு சித்தப்பா தன் ஒலிபெருக்கியைத் தானாகவே நிறுத்தினார். அதை எங்கள் ஊரில் அற்புதம் என்றே சொல்வார்கள். கடைசியில் எலோடியா, முதல் பாட்டு தன் காதில் விழாமல் போய்விடுமோ என்று, ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டாள்.

கடற்கரையே வாயைப் பொத்திக்கொண்டது. புனித வாரத்து சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, நயாரித் கரையில் அலைச் சத்தம் கேட்டது.

எவரிஸ்தோ மெல்ல நடந்து வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பதினேழு விடுதிக்கு போன் போட்டும் கிடைக்காத அமைதி இதோ கிடைத்துவிட்டது. குனிந்து பார்த்தார். காசிமிரோவின் பூட்ஸ் நுனி தட்டுவதை நிறுத்தியிருந்தது. ஆள் சாந்தமாகிவிட்டார், இனி கேட்டுவிடுவார்.

காசிமிரோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மறுபடியும் கழற்றி மேசைமேல் வைத்தார். பெருங்குழல்காரர் தலைகுனிந்துகொண்டார். சற்றுப் பொறுத்துக் காசிமிரோ தொப்பியை மறுபடி வைத்து, மறுபடி கழற்றினார். முரசுக்காரர் ஒரு முறை இருமினார். மூன்றாவது தரம் தொப்பி மேலே போய்க் கீழே வந்தபோது, வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று லியோனோர் ஒரு தட்டால் அவருக்கு விசிறத் தொடங்கினாள். பெத்ரா எதற்கோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எவரிஸ்தோவுக்குத் தோன்றியது. தான் பட்ட பாட்டை அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே.

"எப்படி இருக்கு சம்பந்தி?" என்றார் பெருமையோடு. "நான்தான் ஏற்பாடு பண்ணேன். அதோ அவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு என் கையிலிருந்து காசு குடுத்தேன்."

"பார்த்தேன்" என்றார் காசிமிரோ.

"இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு. வேணும்னா மேல ஒரு மணி நேரத்துக்கும் குடுப்பேன். இதுல நான் கணக்குப் பார்க்குற ஆள் இல்ல."

காசிமிரோ அவரை உற்றுப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எவரிஸ்தோவுக்கு அது புரிந்திருக்கும். கோபமில்லை. தன் கையிலிருந்து எதையோ யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி அந்த முகம் இருந்தது. அவர் எழுந்து நின்றார். பெத்ரா காலியான பாயசப் பானையை எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாடு நல்லா இருந்தது, எவரிஸ்தோ ஐயா. நாங்க கிளம்புறோம்."

சம்பந்தி போய், ஐயா வந்துவிட்டது. ஏன், என்ன ஆச்சு, இருங்கள் என்று எவரிஸ்தோ ஏதேதோ சொன்னார். காசிமிரோ நிற்கவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். தன் விடுதியில் எவ்வளவு அமைதி பார்த்தீர்களா என்று எலோடியா யாரிடமோ கிசுகிசுத்தாள்.

அறைக் கதவு திறந்தது. நாயேலி வெளியே வந்தாள். உடையின் இடது கை மொடமொடவென்று இருந்தது, வலது கை கசங்கிக் கிடந்தது. போகிற வண்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கசங்கிய கையை விரலால் நீவிவிட்டுக்கொண்டாள். அதைத்தான் எவரிஸ்தோவால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வாயைத் திறந்து கெடுத்தோம், இந்தத் தரம் ஊர் வாயையே மூடிவைத்தும் கெட்டுப்போயிற்றே என்று நினைத்தார். என்ன தப்பு செய்தோம் என்றுகூடத் தெரியவில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. எதிரே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு இருமினது?" என்று அவர்கள்முன் போய் நின்றார். "ஒரு மணி நேரம் சும்மா இருக்கத்தானே காசு குடுத்தேன்? அதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா? அவருக்குச் சத்தம் ஆகாது. நீங்க இருமினதுலதான் எழுந்து போறார். என் பொண்ணோட வாழ்க்கை போச்சு."

ட்ரெவர், இன்னும் மணலில் உட்கார்ந்தபடியே, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பக்கத்துப் பையனிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெருங்குழல்காரர் எழுந்தார். பித்தளைக் குழலைக் கழற்றிப் பத்திரமாக நாற்காலிமேல் வைத்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, பிரிக்காமல் அப்படியே இருந்த கவரை எடுத்து எவரிஸ்தோவின் கையில் வைத்தார்.

"சத்தம் ஆகாதா? ரெக்கார்டுப் பாட்டுதாங்க எங்க அண்ணன் காசிமிரோவுக்கு ஆகாது. தொப்பியக் கழட்டுனா வாசிங்கடா, வாசிச்சு முடிச்சதும் பொண்ணைக் கேக்குறேன்னு தம்பிங்க, மச்சானுங்க எங்க பன்னெண்டு பேரையும் மஸாட்லான்லேருந்து பஸ் ஏத்திக் கூட்டியாந்தவரே அவருதான். பொண்ணோட அப்பாவே காசு குடுத்து எங்க வாயை அடைச்சா, பொண்ணு குடுக்க முடியாதுன்னு அதைவிடப் பலமா எப்படிங்க சொல்றது?"